மூன்று துண்டு அபரஞ்சி

பிச்சுமணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், சொல்பவர் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு யோசிக்க வேண்டும். கெட்டதாகச் சொல்வதற்கு அந்தச் சிரமம் இல்லை. வடக்கு ஆவணி மூல வீதியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் போதும், உட்கார வைத்து மோர் கொடுத்துச் சொல்வார்கள். டிரில் மாஸ்டரின் விசிலுக்குள் இருந்த மணியை யாரோ எடுத்துவிட்டார்கள். அவர் கன்னம் உப்பி, கண் பிதுங்க ஊதியும் வெறும் காற்று மட்டும் வந்தது. அந்த ‘யாரோ’ பிச்சுமணி. மழைநாளில் ஹெட்மாஸ்டர் குடையை விரித்தபோது தலையில் கடலைத்தோல் கொட்டியதும் இதே கையின் வேலைதான்.

அப்பா கோயில் மடைப்பள்ளியில் பரிசாரகர். விடியுமுன் போனால் உச்சிக்கால பூஜை முடிந்து, உடம்பெல்லாம் நெய்வாசனையோடு திரும்புவார். பிள்ளையைத் திட்ட வாயைத் திறப்பார், அதற்குள் தூங்கிவிடுவார். ஆகவே பிச்சுமணி தானாகவே வளர்ந்தான்.

அவனிடம் ஒரு கோளாறு உண்டு. எதிரில் யாராவது அழுதால் அவனுக்குத் தாங்காது. ஓடிவிடுவான், அல்லது அந்த நிமிஷமே ஏதாவது கோமாளித்தனம் செய்து அழுகிறவரைச் சிரிக்க வைப்பான். இதைக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. அவன் வெளியே காட்டிக்கொண்டதும் இல்லை.

முப்பத்தேழாம் வருஷம், அவன் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் இருந்தபோது, பாடத்தில் ஒரு நாவல் வந்தது. அதுவரைக்கும் நாவல் என்றால் வீட்டில் தலையணைக்கு அடியில் வைத்துப் படிக்கிற சாமான். ‘நாவல் படித்தால் புத்தி கெடும்’ என்று பிடுங்கி எறிந்த அதே அப்பாக்கள், இப்போது ‘என்னடா சும்மா உட்கார்ந்திருக்கிறாய், நாவலை எடுத்துப் படி’ என்று அதட்டினார்கள். பிச்சுமணிக்கு அந்த வருஷத்தில் கிடைத்த பெரிய சந்தோஷம் அது.

நாவலின் பெயர் ‘அபரஞ்சி அல்லது அக்கரை வெளிச்சம்’. தடிப் புத்தகம். வாங்கப் போனால் புது மண்டபத்துக் கடைகளில் ஒரே ஒரு பிரதிதான் மிச்சம் இருந்தது. அதற்கு மூன்று பேர் கைநீட்டினார்கள். ஒருவன் பிச்சுமணி. இரண்டாமவன் ஹாலாஸ்யம், கோர்ட்டு குமாஸ்தா மகன். அவன் எதையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் நம்பமாட்டான். மூன்றாமவன் பரவைக் கிராமத்திலிருந்து வரும் அழகுமலை. மூவரும் கூட்டாக வாங்கிய புத்தகத்தை யார் வீட்டில் வைப்பது என்று சண்டை வந்தபோது, பிச்சுமணி அதைப் பக்கத்துக் கடைப் பைண்டர் கையில் கொடுத்து, “மூணா வெட்டுங்கோ” என்றான். பைண்டர் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, புத்தகத்தின் முதுகைப் பிளக்கிற மாதிரி இரண்டு இடத்தில் கத்தியை வைத்து அழுத்தினார்.

முதல் துண்டு ஹாலாஸ்யத்துக்கு. நடுத் துண்டு அழகுமலைக்கு. கடைசித் துண்டு பிச்சுமணிக்கு. ஒவ்வொருவனும் தன் துண்டைப் படித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து மற்ற இருவருக்கும் கதையாகச் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. மூன்றில் ஒரு பங்கு படித்து முழு நாவலுக்கும் பரீட்சை எழுதிவிடலாம். இப்படி ஒரு மூளை யாருக்கு வரும் என்று பிச்சுமணி தன்னையே மெச்சிக்கொண்டான்.

அழகுமலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த நாவலில் மாட்டிக்கொண்டவன் அவன்தான். விடிகாலையில் பரவையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் வண்டியில் கத்தரிக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து மதுரைக்கு வருவான். சாயங்காலம் திண்டுக்கல் ரோட்டோடு நடந்து போவான். தாய் தகப்பன் கிடையாது. அக்கா ராக்கம்மாள் நடவு நாளில் வயலிலும், சந்தை நாளில் கூடை சுமந்தும் அவனைப் படிக்க வைத்தாள். கணக்கில் அவன் புலி. கட்டுரை என்றால் மட்டும் எலி. மார்கழியில் பள்ளிக்கூடத்தில் ஒரு பொறுக்குப் பரீட்சை வைப்பார்கள். அதில் தமிழிலும் தேறினால்தான் சர்க்கார் பரீட்சைக்கு அனுப்புவார்கள். அனுப்பாவிட்டால் தை பிறந்ததும் அவனை ஏர்மாட்டுக்குப் பின்னால் அனுப்புவது என்று மாமன் நல்லகாமன் முடிவு செய்துவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. ஒரு பெண்பிள்ளை எத்தனை நாள்தான் கூடை சுமப்பாள் என்பது அவர் கேள்வி. அதற்கு அழகுமலையிடம் பதில் இல்லை, பரீட்சைதான் இருந்தது.

அவனுக்கு ஒரு படிக்கிற முறை உண்டு. அன்றைக்குப் படித்ததை அக்கா அடுப்பு மூட்டும்போது பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவளுக்குச் சொல்வான். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் சொல்வது குழம்பினால் அகப்பையை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வை வந்தால் தனக்கே அது புரியவில்லை என்று அவன் தெரிந்துகொள்வான். சரித்திரம், பூகோளம் எல்லாம் இப்படித்தான் அவன் தலையில் ஏறியது. அபரஞ்சியும் அப்படியே ஏறத் தொடங்கினாள்.

கதை இதுதான். ஆற்றங்கரை ஊரில் அபரஞ்சி என்றொரு பெண். புருஷன் சோமசுந்தரம் ரங்கூனுக்கு வியாபாரத்துக்குப் போகிறான், தை மாதத்துக்குள் வருவதாகச் சொல்லி. தை போகிறது, அடுத்த தையும் போகிறது. அபரஞ்சி தினமும் பொழுது சாயும்போது துறைக்குப் போய், ஓடக்காரன் வேலப்பனிடம் அக்கரையிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்பாள். மாமியார்க்காரி வீட்டில் அவளைப் பிழிந்தெடுக்கிறாள். இதுவரை முதல் துண்டும் நடுத் துண்டும்.

கடைசித் துண்டைப் பிச்சுமணி கோயிலில் ஒரு தூண் மறைவில் உட்கார்ந்து படித்தான். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். முடிவில், ஐப்பசி வெள்ளத்தில் சோமசுந்தரம் அக்கரையில் வந்து நின்று விளக்கைத் தூக்கிக் காட்டிக் கூப்பிடுகிறான். துறையில் ஓடம் கட்டிக் கிடக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. குரலைக் கேட்ட அபரஞ்சி தானே ஆற்றில் இறங்குகிறாள். விளக்கு அக்கரையிலேயே நிற்கிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது. பிச்சுமணி மூக்கை உறிஞ்சியது அந்தத் தூணில் இருந்த யாளியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் அவன் முறை வந்தது. அவன் வாயைத் திறக்கும் முன்னால் அழகுமலை கேட்டான்.

“அவன் வந்துட்டானாடா? மொதல்ல அதைச் சொல்லு. எங்கக்கா தெனமும் கேட்டு நச்சரிக்குது.”

“உங்கக்காளுக்கு என்ன அவசரம்?” என்றான் பிச்சுமணி.

அழகுமலை தெப்பக்குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அக்கா புருஷன் சோணை கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். போனதும் ஆள் மூலம் ஒரு தரம் சேதி வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. அக்கா அதைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். ஆனால் இந்த ரங்கூன்காரன் வந்தானா என்று மட்டும் அடுப்பைப் பார்த்தபடியே கேட்பாள்.

பிச்சுமணிக்கு அந்தக் கோளாறு வந்துவிட்டது. இங்கே யாரும் அழவில்லை. ஆனாலும் பரவையில் ஓர் அடுப்படியில் ஒருத்தி அழப்போவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. ஓடவும் முடியாது. ஆகவே பொய் சொன்னான்.

அன்றைக்கு அவன் சொன்ன முடிவு நாவலில் இருந்ததைவிடப் பெரியது. சோமசுந்தரம் விளக்கைத் தூக்குகிறான். வேலப்பன் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் ஓடத்தைத் தள்ளுகிறான். ஓடம் சுழல்கிறது, துடுப்பு முறிகிறது, கையாலேயே தண்ணீரை வலித்துக் கரை சேர்க்கிறான். அபரஞ்சி கழுத்தளவு தண்ணீரில் நின்று புருஷன் கையைப் பிடிக்கிறாள். இதோடு ஒரு மீன் துள்ளியதையும் பிச்சுமணி சேர்த்தான். ஹாலாஸ்யம் மீன் உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். அழகுமலை இருட்டுவதற்குள் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்து நடந்தான். நடந்தான் என்ன, ஓடினான்.

அதன்பிறகு அழகுமலை வரும்போதெல்லாம், “நேத்தும் அந்த ஓடம் வர்ற எடத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச்சுடா” என்பான். பிச்சுமணிக்கு உள்ளே குளுகுளு என்று இருக்கும். பரீட்சைக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டால் போயிற்று என்று நினைத்துக்கொள்வான். நல்ல நாள் ஒன்று பார்த்துச் சொல்வதாக இருந்தான். அந்த நல்ல நாளுக்கு முன்னால் தமிழ்ப் பண்டிதர் மலையாண்டிப் பிள்ளை முந்திக்கொண்டார்.

பண்டிதருக்குப் புதுப் பழக்கம் ஒன்று பிடித்திருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, கதையைப் பற்றிப் பையன்களையே பேசவிட்டுக் கேட்பது. ஒருநாள் அழகுமலையை எழுப்பி, முடிவு பொருத்தமாக இருக்கிறதா, சொல் என்றார். கட்டுரையில் எலியான அழகுமலைக்கு அன்றைக்கு வாய் திறந்துகொண்டது. அக்காவுக்குத் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய கதை. ஓடம் சுழன்றதையும் துடுப்பு முறிந்ததையும் அவன் சொன்னபோது வகுப்பே அவன் வாயைப் பார்த்தது. பிச்சுமணி மட்டும் பெஞ்சுக்கு அடியில் விழுந்த எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

பண்டிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஓட்டினவன் யார்?”

“வேலப்பன் ஐயா.”

“அவனைத்தான் ஒன்பதாம் அத்தியாயத்திலேயே பஞ்சாயத்து கூட்டி ஊரைவிட்டு அனுப்பியாயிற்றே. பரவை வழியாகத் திரும்பி வந்தானா?”

வகுப்பு கூரை பறக்கச் சிரித்தது. ஹாலாஸ்யம் நியாயம் கேட்க எழுந்து, தன்னிடமும் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று மீனைப் பற்றி வாசித்தான். சிரிப்பு இன்னும் கூடியது. அழகுமலை உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டிருந்தான். ஒன்பதாம் அத்தியாயம் அவனுடைய துண்டிலேயே இருந்தது. சந்தையில் விற்கிற நோட்ஸில், ‘ஒன்பதாம் அத்தியாயம் ஹாஸ்யம், முக்கியமன்று’ என்று போட்டிருந்ததால் அதை அவன் தாண்டிவிட்டான். பிச்சுமணியோ நடுத் துண்டின் பக்கமே போனதில்லை. போயிருந்தால் வேலப்பனை விட்டுவிட்டு வேறு எவனையாவது வைத்து ஓட்டியிருப்பான்.

மணி அடித்ததும் வராந்தாவில் அழகுமலை அவனை மறித்தான். பிச்சுமணிக்கு எப்போதும் நாக்கு நுனியில் நிற்கிற வேடிக்கைப் பேச்சு அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

“உங்கக்கா கேட்டாள்னு சொன்னியேடா,” என்றான். “அதான்.”

“எங்கக்கா ஒன்கிட்டப் பிச்சையா கேட்டுச்சு?”

அப்படிச் சொல்லிவிட்டு அழகுமலை தன் கையிலிருந்த நடுத் துண்டை அவன் நெஞ்சில் எறிந்தான். பிச்சுமணி அதைப் பிடித்துக்கொண்டான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதோடு தெப்பக்குளம் நின்றது. அழகுமலை வகுப்பில் கடைசிப் பெஞ்சுக்குப் போனான். வாரப் பரீட்சையில் வெறுந்தாளைக் கொடுத்தான். ஹாலாஸ்யம் அவனிடம் பேச்சுக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்து வந்து சொன்னான். வீட்டில் பாடம் சொல்வதையே அழகுமலை விட்டுவிட்டானாம். எந்தப் பாடத்தை ஆரம்பித்தாலும் அக்கா கடைசியில் அந்த ஓடத்தைக் கேட்பாள். பொய் என்று தெரிந்தபின் அதை அவனால் சொல்ல முடியவில்லை. பொய் என்று சொல்லவும் முடியவில்லை. ஆகவே தலைவலி என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். சொல்லாத பாடம் எதுவும் அவன் தலையில் நிற்பதில்லை, கணக்கைத் தவிர. பொறுக்குப் பரீட்சை கிட்டே வந்துவிட்டது. மாமன் இப்போதே ஏர்மாடு பார்க்கத் தொடங்கியிருந்தார்.

“நீதான்டா அவனை உழவுக்கு அனுப்பப் போறே,” என்றான் ஹாலாஸ்யம். அவன் கேலியாகச் சொல்லவில்லை. கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி சொன்னான்.

பிச்சுமணி நடுத் துண்டை எடுத்து முதல்தரமாக ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்தான். மாமியார்க்காரி தன் ஆட்டை ஓடத்தில் ஏற்றுகிறாள். நடு ஆற்றில் ஆடு வேலப்பனின் தலைப்பாகையைத் தின்கிறது. தலைப்பாகை தின்ற ஆடு தன் காலில் விழ வேண்டும் என்கிறான் வேலப்பன். தன் ஆடு யார் காலிலும் விழாது என்கிறாள் அவள். பஞ்சாயத்து கூடுகிறது, ஆடும் வருகிறது, ஊரே சிரித்து உருள்கிறது. சிரிப்போடு சிரிப்பாக, ஒரு பொம்பளையை எதிர்த்துப் பேசிய ஓடக்காரன் ஊருக்கு வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார்கள். பிச்சுமணியும் உருண்டு உருண்டு சிரித்தான். சிரித்து முடித்துப் பக்கத்தைத் திருப்பியதும், துறையில் கட்டிக் கிடந்த அந்த ஓடம் அவனுக்கு நினைவு வந்தது. திரும்பவும் அத்தியாயத்தின் தலைக்குப் போய் அதே வரிகளைப் படித்தான். ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் ஓர் இடத்திலும் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் புத்தகத்தின் இரண்டு துண்டுகளையும் அங்கவஸ்திரத்தில் சுற்றிக்கொண்டு, காலி வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு பரவைக்குப் போனான். சந்தை கலைகிற நேரம். ராக்கம்மாள் கூடைகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நினைத்து வந்த மாதிரி அவள் வாடி வதங்கி இருக்கவில்லை. ஒரு தரகரைக் குரல் உயர்த்தி விரட்டிக்கொண்டிருந்தாள். பிச்சுமணி தன் பெயரைச் சொன்னதும் ஒரு சாக்கை உதறி விரித்தாள்.

“கோயில்வீட்டுப் பிள்ளைதானா? தம்பி சொல்லும். இதுல ஒக்காருங்க சாமி, மண்ணு ஒட்டும். அவன் மாட்டைக் குளுப்பாட்டப் போயிருக்கான்.”

பிச்சுமணி சாக்கை விட்டுவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தான். வழியெல்லாம் யோசித்து வைத்த முன்னுரைகள் எல்லாம் போய்விட்டன.

“அக்கா, அந்த ஓடம் வரலை. நான்தான் ஓட்டிண்டு வந்தேன்.”

ராக்கம்மாள் கையில் இருந்த கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

“புஸ்தகத்துல என்ன போட்டுருக்கு?”

“வேற மாதிரி.”

“வேற மாதிரின்னா அதை வாசிங்க. போட்டுருக்கபடி வாசிங்க.”

அவன் ஆட்டிலிருந்து ஆரம்பித்தான், அது இல்லாமல் முடிவு புரியாது என்று. தலைப்பாகை போனதும் ராக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காய்கறித் தட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்த பொம்பளைகள் இரண்டு மூன்று பேர் வந்து நின்று அவர்களும் சிரித்தார்கள். ஆட்டைப் பஞ்சாயத்தில் நிறுத்திய இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னாள் ஒருத்தி. சிரிப்பு ஓய்ந்ததும் பிச்சுமணி கடைசித் துண்டைத் திறந்தான். ஐப்பசி மழை, அக்கரை விளக்கு, குரல். வேலப்பன் இல்லாத துறை. அங்கே அவன் வாசிப்பதை நிறுத்தினான். எதிரில் இருந்த யாருக்கும் எழுத்து தெரியாது. இப்போதுகூட ஓடத்தை அவிழ்த்துவிடலாம். இரண்டு வரியில் கரை சேர்த்துவிடலாம். ராக்கம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைப் பற்றி அழகுமலை முன்பு சொன்னது சரிதான். பிச்சுமணி போட்டிருந்தபடியே வாசித்தான், விளக்கு அக்கரையில் நிற்கிற வரைக்கும்.

நின்றிருந்த பொம்பளைகளில் ஒருத்தி மாமியாரைச் சபித்தாள். ராக்கம்மாள் அழவில்லை. கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள். திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வண்டி வந்து, நிற்காமல் போயிற்று.

“அவளுக்கு மறுநா நடவு இல்ல போல,” என்றாள் கடைசியில். “எனக்கு இருக்கு.”

எழுந்து முந்தானையை உதறினாள். பிச்சுமணி அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாமல் புத்தகத்தை அங்கவஸ்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“நீங்க ஓட்டிட்டு வந்ததும் நல்லாத்தான் சாமி இருந்துச்சு. பரீச்சையில மட்டும் அதை எழுதிப்புடாதீங்க.”

அழகுமலை எப்போது வந்தான் என்று தெரியவில்லை. ஈரத் தலையோடு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றிருந்தான். முடிவை அவனும் முதல்தரமாக அப்போதுதான் சரியாகக் கேட்கிறான். அக்காவை ஒரு தரம் பார்த்தான், அவள் நிலைகுலையாமல் நிற்கிறாள் என்று தெரிந்ததும் மெதுவாகக் கிட்டே வந்தான். ஒன்பதாம் அத்தியாயத்தை வாசித்திருந்தால் பொய்யைத் தான் அன்றைக்கே பிடித்திருக்கலாம், சோம்பல் தன்னுடையது என்றான். ராக்கம்மாள் இருவரையும் பொதுவாக ஒரு வசவு வைது, புஸ்தகத்தை வெட்டினவன் எவன் என்று கேட்டாள். பிச்சுமணி கையைத் தூக்கினான். அவள் சாக்குத் தைக்கிற கோணூசியையும் சணலையும் எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

மறுநாள் ஹாலாஸ்யத்தின் முதல் துண்டும் வந்து சேர்ந்ததும், மூன்றையும் சேர்த்து வைத்து மூட்டை தைக்கிற மாதிரி தைத்தார்கள். புத்தகம் முதுகெலும்பு தூக்கிக்கொண்டு கூன் விழுந்தாற்போல் ஆயிற்று. திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. ஆனால் முழுசாக இருந்தது.

அதன்பிறகு அவர்கள் படித்த முறையை எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெட்டிக் கெட்டதனால் வந்த முறை அது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் எடுத்துக்கொண்டு, இதைக் கிழித்து எறிந்துவிட்டால் கடைசியில் எது விழும் என்று பார்த்தார்கள். ஒன்றுமே விழாது என்று தோன்றினால் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம், திரும்பப் போவார்கள். பத்தில் ஏழெட்டுத் தரம் ஏதாவது விழுந்தது. மாமியார் முதல் அத்தியாயத்தில் ஒரு விளக்கை எண்ணெய் செலவென்று ஊதி அணைக்கிறாள். அதைக்கூட முதல் தரம் எவனும் கவனித்திருக்கவில்லை.

யார் எந்த அபிப்பிராயம் சொன்னாலும் ஹாலாஸ்யம், “சாட்சி?” என்பான். எந்த அத்தியாயம், யார் வாய்ப்பேச்சு என்று காட்டாவிட்டால் வழக்கைத் தள்ளிவிடுவான். அப்பனுடைய கோர்ட்டு அவன் ரத்தத்தில் இருந்தது. எதிர்க்கட்சி வக்கீல் வேலை பிச்சுமணிக்கு. மாமியார் கெட்டவள் என்று அழகுமலை சொன்னால், அவள் நல்லவள் என்று சாதிப்பான். ஆறு மைல் அலைந்து மருமகளுக்குக் கஷாயம் கொண்டுவந்தது யார் என்று கேட்பான். அப்படி ஓர் இடம் நாவலில் நிஜமாகவே இருந்தது. அழகுமலை திணறுவான், புத்தகத்தைப் புரட்டுவான், பதில் கண்டுபிடிப்பான். பிறகு அதையெல்லாம் எடுத்துக்கொண்டு பரவைக்குப் போய் அடுப்படியில் சொல்வான். அகப்பை நின்றால் மறுநாள் திரும்ப விசாரணை. ராக்கம்மாள் ஓடத்தைப் பற்றிப் பிறகு கேட்கவே இல்லையாம். மாமியாரைப் பற்றித்தான் நிறையக் கேட்டாளாம்.

பொறுக்குப் பரீட்சையில் கேள்வி இப்படி வந்தது: ‘அபரஞ்சியின் முடிவுக்குப் பொறுப்பு யார்? நாவலிலிருந்து சான்று காட்டி எழுதுக.’

பிச்சுமணி கேள்வியைப் படித்ததும் நிமிர்ந்து தனக்கு முன்னால் இருந்த பெஞ்சைப் பார்த்தான். அழகுமலையின் முதுகு அசையாமல் இருந்தது. பேனாவைத் தொடவே இல்லை. மாமியார் என்று எழுதுடா, ஒரு வரியாவது எழுதுடா என்று பிச்சுமணி உதட்டுக்குள் முணுமுணுத்தான். மேற்பார்வைக்காரர் இரண்டு தரம் அவன் பக்கம் வந்து முறைத்துவிட்டுப் போனார். வெகுநேரம் கழித்து அழகுமலை தோளைக் குலுக்கிக்கொண்டு குனிந்தான். பிறகு நிமிரவே இல்லை. மேலும் தாள் கேட்டுக் கையை உயர்த்தியபோதுதான் பிச்சுமணி தன் தாளைப் பார்த்தான். அதில் கேள்வி எண் மட்டும் இருந்தது.

சில நாள் கழித்து பண்டிதர் திருத்திய தாள்களோடு வகுப்புக்கு வந்தார். யார் பெயரும் சொல்லாமல் ஒன்றை எடுத்து வாசித்தார். மாமியார், பஞ்சாயத்து, வாக்குத் தவறிய புருஷன் என்று ஒவ்வொருவரையும் அந்தத் தாள் சாட்சியோடு நிறுத்தி விசாரித்தது. முடிவில் இப்படி இருந்தது: ‘ஆட்டுச் சண்டையில் ஊரார் சிரித்துக்கொண்டே ஓடக்காரனை அனுப்பினார்கள். வாசித்த நானும் சிரித்தேன். சிரித்தவர்களில் ஒருவர்கூட, நாளைக்குத் துறையில் யார் நிற்பது என்று கேட்கவில்லை. ஆகையால் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு.’

பண்டிதர் தாளை மடித்தார். கடைசிப் பத்தியைத் தான் எதிர்பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னார். அது அழகுமலையின் தாள் என்று தெரிந்துகொண்ட பிச்சுமணி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். டிரில் மாஸ்டர் வெறும் காற்றை ஊதிக்கொண்டு நின்ற முகம் ஏனோ அவன் கண்முன் வந்தது. அந்தச் சமயத்தில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று அவன் அதுவரை யோசித்ததில்லை.

மறுநாள் ஹெட்மாஸ்டர் முற்றத்தில் நின்று, சர்க்கார் பரீட்சைக்குப் போகிறவர்கள் பெயரை வாசித்தார். அழகுமலை பெயர் வந்தது. ஹாலாஸ்யம் பெயர் எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில் வந்தது. பிச்சுமணி பெயர் வரவில்லை. கணக்கு ஏற்கெனவே குழி தோண்டி வைத்திருந்தது, தமிழ் மண்ணைப் போட்டு மூடிற்று. அவனுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மடைப்பள்ளியில் அப்பாவுக்கும் கை ஓய்ந்து வருகிறது, ஒரு எடுபிடி தேவைதான் என்று ஏற்கெனவே சமாதானம் செய்து வைத்திருந்தான்.

கூட்டம் கலைந்ததும் அழகுமலை அவனைத் தேடி வந்தான். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாத முகம்.

“ஒன் தாளுல பாதிகூட எழுதலையாமே. பண்டிதரு சொன்னாரு. ஏன்டா?”

“கை வலிச்சுதுடா.”

அழகுமலை நம்பவில்லை. ஆனால் துருவிக் கேட்கவும் இல்லை. கொஞ்ச தூரம் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். திண்டுக்கல் ரோடு பிரிகிற இடத்தில் அழகுமலை நின்றான்.

“வாடா, அக்காகிட்ட நீயே சொல்லு. வண்டி வரும், ஏறிப் போவோம்.”

பிச்சுமணி வரவில்லை என்று தலையை ஆட்டினான்.

“நீ போய்ச் சொல்லு. நான் சொன்னா அக்கா நம்பமாட்டா.”

அழகுமலை சிரித்துவிட்டான். பிறகு வண்டிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் பரவையைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். அவன் புளியமரங்களுக்கு நடுவே மறைகிற வரைக்கும் பிச்சுமணி அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.